இருளை உடைத்த விளக்கு

பொன்முடிச் சாலையோரம் கல்லாற்றில் ஆர்க்கிட் நாற்று வளர்க்கிறேன். இடவப்பாதி மழை மூடிக்கொண்டால் உச்சிப்பொழுதிலும் மங்கல்தான். நாற்றுத் தட்டுகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெள்ளை எல்இடி பட்டைகள் எரியும்.

இந்த வெளிச்சத்தின் வரலாற்றில் கஞ்சாச் செடிக்கும் இடமுண்டு. பகல் குறுகினால் அது சீக்கிரம் பூப்பதைப் பிரான்சில் ஜூலியன் தூர்னுவா 1912 வாக்கில் கண்டார். 1914இல் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது; அந்த ஆய்வு அறுந்துபோனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1920இல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும், புகையிலைச் செடியை மாலையிலேயே இருட்டறைக்குள் வைத்துப் பூக்கச் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். ஓசூர்ப் பக்கம் சாமந்திக்கு இரவில் விளக்கெரிப்பதும் இதே அறிவுதான்: இருளை நடுவில் உடைத்தால் மொட்டு தள்ளிப்போகும், காம்பு நீளும்.

குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். பின்னால் வந்த ஊதா எல்இடியை, சிவப்பும் நீலமும் போதுமென்று சொல்லி விற்றார்கள். பச்சை ஒளியிலும் இலை உணவு தயாரிக்கிறது என்று 22 வகைப் பயிர்களில் அளந்து மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972இலேயே காட்டிவிட்டாரே! அதோடு, ஊதா வெளிச்சத்தில் அழுகல் புள்ளி கண்ணில் படாது. வெள்ளையில் இலையடியில் கடுகளவு பழுப்பும் தெரியும்.

உரிமமின்றிக் கஞ்சா வளர்ப்பது இங்கே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். மற்ற நாற்றுகளுக்கு விளக்கு வாங்குவோர் வாட்டை மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி என்று கேளுங்கள். 2.5க்கு மேலிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.