இரைச்சல் யார் வீட்டிலிருந்து வருகிறது?



சென்ற பொதுக்குழுவில் வந்த ஒரு கோரிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். கீழ்த்தளத்து வீடுகளில் செல்போன் சரியாக எடுப்பதில்லை, மொட்டை மாடியில் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி வைத்துவிடலாம் என்றார்கள். பலரும் கை தூக்கினார்கள். "அடுத்த கூட்டம் வரைக்கும் பொறுங்க" என்று எழுந்து சொன்னவன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க, நம் பக்கம் டிவி வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கதையில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆன்டெனா காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கோவைக்காரர்களுக்கு அதனால் பயன் இல்லை. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவைத் தாண்டி அவ்வளவு தூரம் வந்து சேராது. 1982-ல் கலர் ஒளிபரப்பும் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியும் வந்த பிறகுதான் தூர்தர்ஷன் நாடு முழுக்கச் சிறு ஒளிபரப்பிகளை வைக்க ஆரம்பித்தது. எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் மலைமேல் பெரிய நிலையம் வந்ததும், நம் பக்கத்து ஆன்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பின.

நம் தொண்டாமுத்தூர் வட்டாரமோ மலை வளைத்த ஊர். மலை காற்றைக் கொடுக்கும், மழையைக் கொடுக்கும். டிவி படத்தை மட்டும் இரண்டாக்கிவிடும். நேராக வரும் அலை ஒன்று, மலையில் மோதித் திரும்பி ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு தாமதமாக வரும் அலை இன்னொன்று. செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே அவருடைய நிழல் ஒன்றும் உட்கார்ந்து வாசிக்கும்.

அடுத்தது வீட்டுச் சாமான்கள். சமையலறையில் ஏதாவது ஓடினால் திரையில் வெள்ளைப் புள்ளியும் கோடும் பறக்கும். எல்லோரும் கிரைண்டரைத்தான் திட்டுவோம். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர் பாவம், பெரும்பாலும் குற்றமற்றது. அதன் இண்டக்ஷன் மோட்டாரில் பிரஷ் கிடையாது. கார்பன் பிரஷ் உரசித் தீப்பொறி விடுவது மிக்ஸி. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி அலை பரப்பும். வாசலில் மொபெட் போனாலும் அதன் ஸ்பார்க் பிளக் அதே வேலையைச் செய்யும். தெருக்கோடிப் பட்டறையில் வெல்டிங் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சண்டை நம்மோடு தொடங்கியதல்ல. வீட்டுக்கு வீடு ரேடியோ வந்த காலத்திலேயே மின்சாதனங்களின் இரைச்சல் உலகம் முழுக்கத் தொல்லையாக இருந்தது. அதற்கு அளவு வகுக்க 1934-ல் ஒரு சர்வதேசக் குழுவே அமைத்தார்கள். இன்று மிக்ஸி முதல் எல்இடி பல்பு வரை எவ்வளவு இரைச்சல் விடலாம் என்பதற்கான தர விதிகளுக்கு அந்தக் குழுவின் வரையறைகளே அடிப்படை.

கேபிள் காலம்

1991-ல் வளைகுடாப் போரைத் திரையில் காட்டியபடி செயற்கைக்கோள் சேனல்கள் நம் நாட்டுக்குள் வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. தெருவுக்குத் தெரு மாடியில் டிஷ் வைத்து, மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்பு ஒயர் இழுத்தார்கள். 1995-ல் அதற்குச் சட்டம் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. டிஜிட்டலுக்கு மாற வேண்டிய இரண்டாம் கட்ட நகரங்களில் கோவையும் ஒன்று. கெடு 2013 மார்ச் 31. கெடு தள்ளிப்போய், செட்டாப் பாக்ஸ் மெதுவாகத்தான் வீட்டுக்கு வீடு வந்தது.

கேபிள் ஒயருக்குள் நடு கம்பியைச் சுற்றி ஒரு வலை இருக்கும். வெளி அலை உள்ளே வராமல் காப்பது அதுதான். மூட்டைத் திருகாமல் டேப் சுற்றி ஒட்டினாலோ, ஒயரை அணில் கடித்தாலோ அந்த இடம் ஒரு ஆன்டெனா ஆகிவிடும். கேபிள் சேனல்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இப்போது செல்போனும் பேசுகிறது. பழைய டிவியில் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டலில் அது இல்லை. ஒரு அளவு வரை பளிச்சென்று இருக்கும். அதைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

சில தடங்கல்களுக்கு மட்டும் வானத்தைக் குறை சொல்லலாம். மார்ச்சை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். டிஷ் சூரியனின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும். சில நிமிடம் சிக்னல் போகும். நான் வேலை பார்த்த கிளையில் விசாட் டிஷ் இருந்தது. அந்தச் சில நிமிடம் கவுண்ட்டரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

என் வீட்டுக் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம் பிளாக்கில் தினமும் மாலை ஏழரைக்கு மேல் படம் உடைந்தது. பத்து மணிக்குத் தானாகச் சரியாகும். கேபிள்காரத் தம்பி எட்டு முறை வந்து, கனெக்டர்களை மாற்றினார், ஆம்ப்ளிஃபையரை மாற்றினார், மாடியிலிருந்து புது ஒயரே இழுத்தார். சரியாகவில்லை. அப்போது நான் செயற்குழுவில் இருந்தேன். சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொடுக்கும் சந்தாவை இரண்டு மாதம் நிறுத்தி வைக்கத் தீர்மானம் கொண்டுவந்தவன் நான்தான்.

ஒன்பதாவது முறை அவர் வந்தது இரவு எட்டு மணிக்கு. ஒவ்வொரு வீடாக இணைப்பைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வந்து என் வாசலில் நின்றார். "கோவிச்சுக்காதீங்க சார், உங்க லைனையும் ஒருக்காக் கழட்டிப் பார்க்கட்டுங்களா?" என்றார். எரிச்சலோடு சரி என்றேன். கழற்றியதும் மேல் வீட்டிலிருந்து குரல் வந்தது: "இப்ப நல்லா வருதுங்க!"

படுக்கையறை டிவிக்காக நானே கடையில் வாங்கி மாட்டிய சின்ன பூஸ்டர்தான் காரணம். என் மனைவி சீரியல் பார்க்க டிவி போடும்போது அதுவும் ஓடும். உள்ளே பழுதாகி, தானாகவே அலை உற்பத்தி செய்து, வந்த ஒயர் வழியாகவே மற்ற வீடுகளுக்கும் இரைச்சலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. முப்பத்து சொச்சம் வருஷம் வங்கியில் இருந்தவன் நான். சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் முதலில் அவரவர் கவுண்ட்டரைத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கம் வீட்டில் எனக்கு மறந்துபோனது.

நிறுத்திய பணம் மறுநாளே போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் தன் பையனின் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார். அவர் விட்டாலும் என் மனம் விடவில்லை.

2020-ல் வந்த ஒரு செய்தி எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு கிராமம். ஒன்றரை வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் போய்விடும். கேபிளையே மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அதிகாலை மழையில் கருவியோடு தெருத் தெருவாக நடந்து கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடும் பழைய டிவிதான் காரணம். அந்த வீட்டுக்காரருக்கு அதுவரை எதுவும் தெரியாது. வெட்கப்பட்டு, இனி அதைப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்.

இனி நம் பூஸ்டர்

மொட்டை மாடி பூஸ்டர் என் வீட்டு பூஸ்டரின் பெரிய அண்ணன். அது நம் போன்களை மட்டும் பெருக்காது. கிடைத்த இரைச்சலை எல்லாம் பெருக்கி டவரின் காதில் கத்தும். நம் கீழ்த்தளத்தில் நாலு கட்டம் சிக்னல் வரும். சுற்றுவட்டாரத்தில் யாரோ ஒருவர் 108-க்குப் போட்ட அழைப்பு போகாமல் நிற்கலாம். அனுமதியில்லாமல் இதை வைப்பது சட்டப்படியும் குற்றம். 1933-ம் வருட வயர்லெஸ் சட்டத்திலேயே தடை இருந்தது, 2023-ம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இருக்கிறது. இத்தகைய அலைகளைத் தேடிப் பிடிக்க 1952 முதல் மத்திய அரசில் தனிப் பிரிவே இயங்குகிறது.

கீழ்த்தளத்தார் சிரமம் உண்மையானது. அதற்கு வழி இருக்கிறது: வீட்டு வைஃபை வழியாகவே பேசும் வசதி இன்றைய பெரும்பாலான போன்களில் உண்டு. சங்கத்தின் பெயரில் செல்போன் நிறுவனத்துக்கு எழுதி, அவர்களையே வந்து அளந்து, முறையான கருவி வைக்கச் சொல்லலாம். கடிதத்தை எழுதித் தர நான் தயார்.

பூஸ்டர் தீர்மானத்துக்கு என் ஓட்டு இல்லை. நீங்களும் யோசியுங்கள். அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படமோ நெட்டோ நின்றால், கேபிள்காரத் தம்பிக்குப் போன் போடும் முன் உங்கள் வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. நான் அதைச் செய்யாததற்கு வட்டி கட்டியவர் வேறொருவர்.

— ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், 'பி' பிளாக்