தரையும் தாவலும்: ஆசிஷ் குமாரின் போட்டி வாழ்க்கை உணர்த்தும் வரலாறு

ஜிம்னாஸ்டிக் எனப்படும் சீருடற்கலையை நம்மவர் பெரும்பாலும் சர்க்கஸ் வித்தையோடு சேர்த்தே எண்ணி வந்துள்ளனர். கரணமடிப்பவன் கூடாரத்துக்குரியவன், மைதானத்துக்குரியவன் அல்லன் என்ற கருத்து இன்னும் முற்றாக அகலவில்லை. ஆயின், 1811இல் பேர்லின் நகரின் புறத்தே யான் என்னும் ஆசிரியர் இளைஞருக்கென ஒரு திறந்தவெளிப் பயிற்சிக்களத்தை அமைத்தது முதல் இக்கலை பள்ளிக் கல்வியோடு இணைந்து வளர்ந்தது. 1896இல் ஏதென்சில் நவீன ஒலிம்பிக் விழா தொடங்கிய நாள் முதலாக அதில் இடம்பெற்றுவரும் விளையாட்டுக்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஆடவர் பிரிவில் ஆறு துறைகள் உள்ளன. தரைப்பயிற்சி, கைபிடிக் குதிரை, வளையங்கள், தாண்டுமேசை, சமாந்தரச் சட்டங்கள், கிடைச்சட்டம் என்பனவே அவை. தரைப்பயிற்சிக்குரிய களம் நீளத்திலும் அகலத்திலும் 12 மீற்றர் கொண்டது. அது வெறுந்தரையன்று, அடியிலே விற்சுருள்கள் பொருத்தப்பட்ட, மிதிப்பவனைத் திருப்பி எறியும் தரை. ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் அனைத்தும் முடிந்துவிடும். இறங்கும்போது பாதம் சிறிது பெயர்ந்தாலும் புள்ளி குறையும். விழுந்தால் ஒரு முழுப்புள்ளி போய்விடும். அந்த ஒரு நிமிடத்தின் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி நிற்கிறது. அப்பயிற்சியின் பின்னால் கருவிகளும் பயிற்றுநரும் நிற்கவேண்டும். இவ்வுண்மையை நம் பிராந்தியத்திலே தெளிவாகக் காட்டுவது இந்திய வீரர் ஆசிஷ் குமாரின் போட்டி வாழ்க்கையாகும்.

ஆசிஷ் குமார் 1990இல் அலகாபாத்தில் பிறந்தவர். அவருக்கு முன் இந்திய ஜிம்னாஸ்டிக்கிற்கு வரலாறு இல்லாமலில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இருவரும், 1956 மெல்பேர்னில் மூவரும், 1964 டோக்கியோவில் அறுவருமாக இந்திய வீரர் பதினொருவர் ஒலிம்பிக் களம் கண்டிருந்தனர். அதன்பின் நெடுங்கால மௌனம் நிலவியது. அந்த மௌனத்தின் நடுவே, 2006இல் சூரத் நகரில் நடைபெற்ற ஆசிய வல்லவர் போட்டியில், பதினாறு வயது நிரம்பாத ஆசிஷ் தரைப்பயிற்சியில் வெண்கலம் வென்றார்.

நான்காண்டுகளின் பின் அவரது பொற்காலம் வந்தது. 2010 ஒக்டோபரில் கொமன்வெல்த் விளையாட்டு விழா டில்லியில் நடைபெற்றது. விழாவை நடத்தும் நாடு என்பதால் நீண்ட பயிற்சி முகாமும் விளாதிமிர் செர்த்கோவ் என்னும் வெளிநாட்டுப் பயிற்றுநரின் வழிகாட்டலும் இந்திய அணிக்குக் கிடைத்தன. ஆசிஷ் தரைப்பயிற்சியில் 14.475 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். கொமன்வெல்த் விழாவில் ஜிம்னாஸ்டிக்கில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அதுவே. தொடர்ந்து தாண்டுமேசையில் வெள்ளியும் வென்றார். ஆறு வாரங்கள் கழியுமுன், சீனாவின் குவாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் தரைப்பயிற்சியில் 14.925 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். ஜிம்னாஸ்டிக்கில் உலகையே வென்ற சீனரும் யப்பானியரும் கொரியரும் நிறைந்த களத்திலே பெற்ற வெண்கலம் அது. 2011இல் அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இவ்வளவில் கதை நின்றிருப்பின் இஃது ஒரு வெற்றி வரலாறாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்த உயரத்தை அவர் மீண்டும் எட்டவில்லை. ஒலிம்பிக் களத்தை அவர் காணவேயில்லை. இருபது வயதில் மூன்று பதக்கம் வென்றவனின் ஆற்றல் மறுநாளே வற்றிவிடுவதில்லை. வற்றியது வேறு. விழா முடிந்ததும் அதற்கெனத் திரண்ட ஊக்கம் கலைந்தது. சம்மேளனத்திலே உட்பூசல் மூண்டது. அரசின் அங்கீகாரம் பறிபோனது. 2021இலேயே அது மீண்டது. ஒரு ஜிம்னாஸ்டிக் வீரனின் உச்சப்பருவம் பத்தாண்டுக்கு மேல் நீள்வது அரிது. நிர்வாகிகள் வழக்காடிய காலமும் வீரனின் உடல் தளர்ந்த காலமும் ஒன்றாயின. வழக்கு ஒருநாள் தீர்ந்துவிடும். இளமை திரும்பி வாராது.

எனினும் அவரது முயற்சி வீண்போகவில்லை. டில்லி விழாவிலே இந்திய அணியில் இடம்பெற்றிருந்த திரிபுரா மாநிலத்துச் சிறுமி தீபா கர்மாகர், 2014இல் கிளாஸ்கோவில் தாண்டுமேசையில் வெண்கலம் வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக் சென்று 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். 52 ஆண்டுகளின் பின் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் இந்தியாவின் பெயர் ஒலித்தது அப்போதுதான். ஒருவர் வென்று காட்டிய வழியிலே மற்றொருவர் நடந்தார். ஆனால் அமைப்பு அவ்வழியைச் செப்பனிடவில்லை என்பதும் உடன் நோக்கற்பாலது.

இவ்வரலாறு நமக்கு எவ்வகையில் உரியது? கல்முனை முதல் பொத்துவில் வரை நீளும் கரையிலே சீனடியும் சிலம்படியும் பொல்லடியும் பயின்ற மரபு நம்முடையது. அடி வைக்கும் முறையையும் உடலைத் திருப்பும் நுட்பத்தையும் அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்தனர். கடற்கரை மணலிலே கரணமடிக்கும் சிறுவர்க்கு இங்குக் குறைவில்லை. மணல் விழுபவனைத் தாங்கும். ஆனால் எழுபவனை உயர்த்தாது. அதற்கு விற்சுருள் தரையும், அதனைப் பேணும் பள்ளியும், தவறும் பாதத்தைத் திருத்தும் ஆசிரியரும் வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மில்கா கெஹானி பங்குபற்றி, ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் களம் கண்ட முதல் இலங்கையரானார். ஆகவே இத்தீவுக்கு அக்களம் எட்டாததன்று.

பதக்கம் வென்றவரை மாலையிட்டு வரவேற்பதில் நம் பிராந்தியத்தார் எவர்க்கும் பின்னிற்பதில்லை. மாலை வாடிய மறுநாள் அவர் எந்தத் தரையில் பயிற்சி செய்கிறார் என்று கேட்பவரே அரியர். ஆசிஷ் குமாரின் வாழ்க்கை அக்கேள்வியையே நம்முன் வைக்கின்றது. பெருவிழாவுக்காகத் திறக்கப்படும் கூடம் விழாவோடு மூடப்படலாகாது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு சிறு கூடம், பத்து மெத்தைகள், சம்பளம் பெறும் ஓர் ஆசிரியர் என்ற அளவிலேனும் நமது கரையோரப் பாடசாலைகளில் ஒன்று தொடங்குமாயின், மணலில் கரணமடிக்கும் சிறுவன் எழுந்து நிற்பதற்கு ஓர் இடம் உண்டாகும்.