நடு வீட்டைக் கேளுங்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! மயிலைக் குளக்கரையில் இலவசமாகக் காற்று வாங்காமல் இந்த அரங்கத்து மின்விசிறியை நம்பி வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம்.

வளரும் புறநகர் குடும்ப வருமானத்தை உயர்த்தியதா, குடும்பங்களுக்கு நடுவே பள்ளம் தோண்டியதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். பழைய மகாபலிபுரம் சாலை, 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா, அப்புறம் சம்பளம், கார், அடுக்குமாடி. "சராசரி வருமானம் எங்கேயோ போய்விட்டது" என்றார். போனது வாஸ்தவம். யார் வீட்டுக்குப் போனது என்றுதான் நான் கேட்கிறேன்.

ஒரு தெருவில் பத்து வீடு. வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய். புதிதாக இரண்டு குடும்பம் வருகிறது, ஆளுக்கு 2 லட்சம். இப்போது அந்தத் தெருவின் சராசரி 41,666 ரூபாய்! பழைய பத்து வீட்டுக்கும் ஒரு பைசா கூடவில்லை, வாடகைதான் கூடியது. பன்னிரண்டு வீட்டையும் வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கிற ஆறாவது, ஏழாவது வீட்டைக் கேளுங்கள். அதே பத்தாயிரம்! சராசரி என்பது வந்தவர் கணக்கு. நடு வீடுதான் இருந்தவர் கணக்கு. நடுவரிடம் நியாயம் கேட்கிற ஊரில் நடு வீட்டை யாரும் கேட்பதில்லை, பாருங்கள். அரசாங்கமும் கேட்கவில்லை! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டி.வி. உண்டா, ஸ்கூட்டர் உண்டா, கார் உண்டா என்று கேட்டார்கள். வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. கேட்டாலும் நாம் சொல்லியிருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

பள்ளம் புதிதா? இல்லை. தமிழ் வாத்தியார் சிலம்பைத் தொடாமல் இறங்கக்கூடாது. இளங்கோவடிகள் புகாரை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். கடலோரத்தில் மருவூர்ப்பாக்கம்: மீன் விற்பவர், உப்பு விற்பவர், கொல்லர், தச்சர். உள்ளே பட்டினப்பாக்கம்: அரசர், பெருவணிகர், மாடமாளிகை. இரண்டுக்கும் நடுவே நாளங்காடி, அதாவது சந்தை. நம் சென்னையிலும் சாந்தோம் பக்கத்தில் ஒரு பட்டினப்பாக்கம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் மீனவர்கள். பெயர் அந்தப் பக்கத்தது, வருமானம் இந்தப் பக்கத்தது!

தியாகராய நகருக்கு வாங்க. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து ஊர் கட்டினார்கள். 1925-இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு, பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு. பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அது சௌந்தரபாண்டியனார் பெயர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. தண்டவாளத்துக்குக் கிழக்கே தோட்டத்தோடு பங்களா, மேற்கே குமாஸ்தாக்களின் ஒண்டுக்குடித்தனம். வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் போகவேண்டாம். எந்தப் பக்கத்துப் படிக்கட்டில் இறங்குகிறார் என்று பார்த்தால் போதும். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூ இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்! ஆனால் ஒன்று. ரெங்கநாதன் தெரு இருந்தது. கிழக்கும் மேற்கும் அங்கே தோள் இடித்தன. அதுதான் நம்ம நாளங்காடி.

அடையாறு அடுத்து. 1940-களின் கடைசியில் கூட்டுறவுச் சங்கம் காந்தி நகரை அமைத்தது. 1961-இல் வீட்டுவசதி வாரியச் சட்டம் வந்தபிறகு வருமானத்துக்கு எழுத்தே கொடுத்துவிட்டார்கள்: எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி.! நான் வளர்ந்தது பெசன்ட் நகரில் ஓர் எம்.ஐ.ஜி. வீட்டில். சாயங்காலம் கிரிக்கெட். பேட் எச்.ஐ.ஜி. பையனுடையது. நன்றாகப் பந்து போடுகிறவன் எல்.ஐ.ஜி. அவுட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவன் பேட்காரன்! ஊரூர் குப்பத்துப் பையன்களும் வருவார்கள். அவர்களுக்கு எந்த எழுத்தும் கிடையாது. ஆனால் கடலுக்குப் போன பந்தை எடுக்க அவர்கள்தான் வேண்டும். பிரிவு இருந்ததுங்க, மறுக்கவில்லை. ஆனால் அது நடந்து கடக்கிற தூரத்தில் இருந்தது.

அந்தத் தூரம்தான் மாறிப்போனது. டைடல் பூங்கா திறந்த அதே 2000-ஆம் ஆண்டு வாக்கில், அதே சாலையில், துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. நகரத்துக் குடிசைகளை எடுத்துக் குடியமர்த்திய வீடுகள் 15,000-க்கும் மேல். புகாரை விட்டு நடந்துபோன பெண்ணின் பெயரை அந்த ஊருக்கு வைத்தவருக்குச் சிலம்பு தெரிந்திருக்கிறது! 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது துரைப்பாக்கமும் சென்னையானது. காகிதத்தில் பக்கத்து வீடு. மயிலாப்பூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்.

எதிரணி நண்பர் மறந்த இடம் இதுதான். ஆள் வருமானம் வேறு, குடும்ப வருமானம் வேறு. குடும்ப வருமானம் என்றால் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. கொத்தனார் எங்கே கட்டடம் எழுகிறதோ அங்கே போய்விடுவார். அவர் மனைவியின் வேலை நடந்து போகிற தூரத்து நாலு வீட்டில் இருந்தது. கூலி விகிதம் குறையவில்லை, குடும்பத்தில் ஒரு சம்பளம் பாதியானது. எந்தச் சராசரியில் அது தெரியும்? 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம், கைதட்டலாம். காசு மிச்சம். நேரத்துக்கு யார் டிக்கெட் எடுப்பது?

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா, ஆற்றங்கரையிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தவர். ஒருநாள் எட்டரைக்கு வந்தார். என் மனைவி "ஏம்மா லேட்டு?" என்றாள். நான் பேப்பரை மடக்கிவிட்டு, பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி, "முன்னே எத்தனை வீடு பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"நாலு வீடு பார்த்தேன் சார். இப்போ ரெண்டுதான். மீதி ரெண்டு வீட்டையும் பஸ்சுதான் பார்க்குது."

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. உட்கார்ந்துவிடுகிறேன், அந்த அம்மாவுக்கும் கடைசி பஸ் போய்விடும், கூட்டத்தில் பின்வரிசையில்தான் இருக்கிறார்.