நடுக் கோபுரமும் ஏழு கிளைகளும்: அந்தமான் செல்லுலார் சிறையின் கட்டட அமைப்பு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்னர் போர்ட் பிளேர்) கடலோரமாக நிற்கும் செல்லுலார் சிறை, ஆங்கிலேய ஆட்சியின் கொடுமைகளுக்குச் சாட்சியாக விளங்கும் தேசிய நினைவுச் சின்னமாகும். 1896-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதன் கட்டுமானப் பணி 1906-ஆம் ஆண்டு நிறைவடைந்தது. கைதிகளை ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்து வைப்பதே இக்கட்டடத்தின் முதன்மை நோக்கமாக இருந்தது.

தீவாந்தர தண்டனையின் தொடக்கம்

1857-ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டபின், கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் தில்லி செங்கோட்டையிலேயே விசாரிக்கப்பட்டு ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்விசாரணை முடிவுற்ற 1858 மார்ச் மாதத்திலேயே, சுமார் 200 கைதிகளுடன் ஜே.பி. வாக்கர் என்ற அதிகாரி அந்தமான் வந்திறங்கினார். கடல் கடந்து அனுப்பப்படும் இத்தண்டனை 'காலாபாணி' என்று அழைக்கப்பட்டது.

தொடக்கத்தில் தனிச் சிறைக் கட்டடம் கிடையாது. கடலே மதிலாக இருந்தது. பின்னர் வைப்பர் தீவில் சிறை அமைக்கப்பட்டது. 1890-ஆம் ஆண்டு ஆய்வு செய்த சார்லஸ் லயால், ஏ.எஸ். லெத்பிரிட்ஜ் ஆகியோர், தீவாந்தர தண்டனை முன்போல் அச்சம் தரவில்லை என்றும், வந்து சேரும் கைதிகளைத் தொடக்கத்தில் தனிமைச் சிறையில் அடைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். அதன் விளைவாகவே செல்லுலார் சிறை எழுந்தது.

சக்கரத்தின் ஆரக்கால் வடிவம்

மையத்தில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் ஏழு கிளைகள். ஒவ்வொரு கிளையும் மூன்று தளங்கள் கொண்டது. கட்டுமானத்துக்கான செங்கற்கள் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டன. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரிமி பெந்தம் முன்வைத்த, மையத்திலிருந்து அனைவரையும் கண்காணிக்கும் சிறைத் திட்டத்தின் சாயலை இதில் காணலாம்.

ஏழு கிளைகளின் மூன்று தளங்களிலும் அமைந்த 21 தாழ்வாரங்களும் நடுக் கோபுரத்தில் வந்து சேர்ந்தன. இதனால் குறைந்த எண்ணிக்கையிலான காவலர்களைக் கொண்டே முழுச் சிறையையும் கண்காணிக்க முடிந்தது. ஆபத்து நேரங்களில் எச்சரிக்கை எழுப்பக் கோபுரத்தில் பெரிய மணி ஒன்றும் இருந்தது.

பொதுக் கொட்டடி எதுவுமின்றி, 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள் மட்டுமே அமைக்கப்பட்டன. அறையைக் குறிக்கும் 'செல்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்தே சிறை இப்பெயர் பெற்றது. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் உடையது. சுமார் 3 மீட்டர் உயரத்தில் உள்ள சிறு சாளரம் வழியாகவே காற்றும் வெளிச்சமும் வந்தன. கம்பிக் கதவின் தாழ்ப்பாள், உள்ளிருப்பவரின் கைக்கு எட்டாதவாறு வெளிச்சுவரில் உள்ள குழிவில் பொருத்தப்பட்டது.

ஒரு கிளையின் முன்பகுதி அடுத்த கிளையின் பின்பகுதியைப் பார்த்தே அமைந்திருந்தது. ஆகவே கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணவோ, சைகை காட்டவோ இயலவில்லை. 1911-ஆம் ஆண்டு இங்கு கொண்டுவரப்பட்ட வி.டி. சாவர்க்கரும், அவருடைய அண்ணன் கணேஷ் சாவர்க்கரும் ஒரே சிறையில் இருந்தும் நீண்ட காலம் சந்திக்க முடியவில்லை.

செக்கும் தூக்குமேடையும்

கிளைகளுக்கு இடைப்பட்ட முற்றங்களில் பணிக்கூடங்கள் இருந்தன. தேங்காய் நார் அடித்தல், செக்கிழுத்தல் ஆகியவை அங்கு நடந்த கடும் வேலைகள். கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் அனுபவித்த செக்கிழுக்கும் கொடுமையே இங்கும் நிலவியது. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும். அளவு குறைந்தால் தண்டனை காத்திருந்தது. ஒரே நேரத்தில் மூவரைத் தூக்கிலிடும் வசதி கொண்ட தூக்குமேடையும் வளாகத்திலேயே உள்ளது.

சுவர்களை மீறிய ஒற்றுமை

பிரித்து வைப்பதற்கென்றே கட்டப்பட்ட இச்சிறையில் கைதிகள் ஒன்றுபட்டுப் போராடினர். 1933-ஆம் ஆண்டு நடைபெற்ற உண்ணாவிரதத்தின்போது, வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகியோர் உயிரிழந்தனர். 1937-ஆம் ஆண்டு மீண்டும் பெரும் உண்ணாவிரதம் நடந்தது. அதன் பயனாக 1938-ஆம் ஆண்டுக்குள் அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர்.

எஞ்சியவை மூன்று

1941-ஆம் ஆண்டு ஏற்பட்ட கடும் நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடைந்தது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இரு கிளைகளும், விடுதலைக்குப் பின் மேலும் இரு கிளைகளும் இடிக்கப்பட்டன. 1963-ஆம் ஆண்டு இவ்வளாகத்தில் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது.

கட்டடம் முழுவதும் மறைந்துவிடும் நிலையில், இங்கு சிறைப்பட்டிருந்த விடுதலைப் போராட்ட வீரர்களே அதனைக் காக்கக் குரல் கொடுத்தனர். அதன் பயனாக எஞ்சிய மூன்று கிளைகளும் நடுக் கோபுரமும் பாதுகாக்கப்பட்டன. 1979 பிப்ரவரி 11-ஆம் தேதி அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இச்சிறை இடம்பெற்றது.