செம்பனைச் சாலைகளில் ரேலி

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்குள் வளைந்து செல்லும் செம்மண் சாலைகள், பழக்குலை ஏற்றும் லாரிகளுக்காகப் போடப்பட்டவை. 2010களில் ஆசிய பசிபிக் ரேலித் தொடரின் மலேசியச் சுற்று இந்தச் சாலைகளில் நடந்தது. பிற்பாடு அதற்கு ஜொகூர் பன்னாட்டு ரேலி என்றே பெயர்.

ரேலியில் கார்கள் அருகருகே ஓடுவதில்லை. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. அணிகளுக்கிடையிலான வேக வித்தியாசத்தைக் 'கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி' என்று அளப்பார்கள். கிலோமீட்டருக்கு அரை வினாடி பின்தங்கும் கார், 200 கிலோமீட்டர் ஓடி முடிக்கையில் 100 வினாடி பின்னால் நிற்கும்.

1988இல் தொடங்கிய இத்தொடரில் மலேசியாவின் கரம்ஜித் சிங் 2001, 2002, 2004 ஆண்டுகளில் பட்டம் வென்றார். 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலகப் பட்டமும் அவருக்கே கிடைத்தது. அவர் ஓட்டியது மலேசிய நிறுவனமான புரோட்டோனின் பெயர் தாங்கிய கார் என்றாலும், அதன் அடிப்படை மிட்சுபிஷி லான்சர். பிறகு சுபாரு முந்தியது. சுபாரு காரை ஓட்டிய மோட்டார் இமேஜ் அணிக்காக ஆஸ்திரேலியர் கோடி குரோக்கர் 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார்.

பின்னர் புரோட்டோன் சொந்தக் காரோடு களமிறங்கியது. இங்கிலாந்தின் மெல்லர்ஸ் எலியட் நிறுவனத்துடன் சேர்ந்து சத்ரியா நியோ எஸ்2000 காரை உருவாக்கியது. எஸ்2000 விதிப்படி டர்போ கிடையாது. 2 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், நிமிடத்துக்கு 8500 சுழற்சி என்ற உச்சவரம்பு. பெரிய நிறுவனங்களின் பணபலத்தை இந்த விதி ஓரளவு மட்டுப்படுத்தியது. 2011இல் அலிஸ்டர் மெக்ரே அந்தக் காரில் பட்டம் வென்றார். மலேசியக் கார்த் தொழிலின் வரலாற்றில் இந்த வெற்றிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

மறு ஆண்டே பட்டம் எம்ஆர்எஃப் அணிக்குக் கைமாறியது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளில் எம்ஆர்எஃப் டயர் நிறுவனமானது. அதன் அணி அதே எஸ்2000 விதிக்குள் ஸ்கோடா ஃபேபியாவைக் கொண்டுவந்தது. 2012இல் கிறிஸ் அட்கின்சன் வென்றார்.

ஒரே விதிக்குள் அடங்கிய இரண்டு கார்களை வேறுபடுத்தியதில் டயருக்குப் பெரும்பங்கு உண்டு. ஜொகூரில் காலையில் இறுகிக் கிடக்கும் செம்மண், மாலை மழைக்குப் பின் வழுக்குச் சேறாகிவிடும். சேற்றுக்கு மென்மையான ரப்பரும், மண்ணை வெளித்தள்ளும் ஆழமான பள்ளங்களும் தேவை. அதே டயர் வெயிலில் காய்ந்த சாலையில் சீக்கிரம் தேய்ந்துபோகும். வானத்தைப் பார்த்துத் தவறாகக் கணித்த அணி, எவ்வளவு நல்ல கார் வைத்திருந்தாலும் தோற்றது. டயர் செய்பவரே அணியையும் நடத்தியதால், பந்தயத்தில் கற்றது நேராகத் தொழிற்சாலைக்குப் போனது.

அதன்பின் கடும் போட்டி எம்ஆர்எஃப் அணிக்குள்ளேயே மூண்டது. 2013இல் இந்தியாவின் கௌரவ் கில், சக ஓட்டுநர் எசாபெக்கா லாப்பியை முந்திப் பட்டம் பெற்றார். 2014இல் யான் கோபெட்ஸ்கி, 2015இல் பொன்டஸ் டிடெமண்ட், 2016இலும் 2017இலும் மீண்டும் கில் வென்றனர். இதற்கிடையே 1.6 லிட்டர் டர்போ எஞ்சினுடன் ஆர்5 கார்கள் வந்துவிட்டன. எம்ஆர்எஃப் போலவே ஜப்பானின் கஸ்கோ அணியும் ஃபேபியா ஆர்5 காரை வாங்கி ஓட்டியது; 2018இல் அந்த அணியின் யூயா சுமியாமா பட்டம் வென்றபோது, ஆறு ஆண்டு நீடித்த எம்ஆர்எஃப் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது.