செலவு யார் கணக்கில்? மின்னஞ்சல் நாகரிகம் உருவான வரலாறு

கடிதம் எழுதும் முறையைப் பள்ளிக்கூடத்தில் கற்றோம். மின்னஞ்சல் எழுதும் முறையை நம்மில் பலர் அலுவலகத்தில் மற்றவர் எழுதியதைப் பார்த்துப் பழகிக்கொண்டோம். பொருள் வரியை வெறுமையாக விடாதே, பெரிய கோப்பை அனுப்பாதே, கோபத்தில் பதில் போடாதே, ஊருக்கெல்லாம் நகல் வைக்காதே என்று இன்று சொல்லப்படும் விதிகளை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுத்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஆண்டும் காரணமும் உண்டு. அந்தக் காரணங்களைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறோம்: ஒரு செய்தியின் செலவை ஏற்பது யார்? அந்தக் கேள்வியைக் கொண்டே இவ்வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது.

தபால்தலையும் அதற்கு முன்பும்

பிரிட்டனில் 1840க்கு முன்பு கடிதக் கட்டணத்தைப் பொதுவாகப் பெறுபவரே செலுத்தினார். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம் ஏறியது. காசில்லாதவர்கள் வந்த கடிதத்தை வாங்காமலே திருப்பியதும் உண்டு. ரோலண்ட் ஹில் முன்வைத்த சீர்திருத்தம் ஒரு பென்னி தபால்தலையாக 1840இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சுமை அனுப்புபவர் பக்கம் மாறியது. இந்தியாவில் 1854இல் நாடு முழுமைக்குமான தபால்தலையும் அரையணாக் கட்டணமும் வந்தன. 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. எழுதுபவரே காசு கொடுப்பதால் எழுதுமுன் யோசித்தார். நலம், நலமறிய ஆவல் என்று ஒரே மூச்சில் மரியாதையை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்த நம் அஞ்சலட்டை நடையில் அந்தச் சிக்கனம் தெரியும்.

மின்னஞ்சல் இந்தக் கணக்கைத் திரும்பவும் புரட்டிப் போட்டது. அனுப்புபவருக்கு ஒரு பிரதியும் ஆயிரம் பிரதியும் ஒரே விலை. பெறும் ஆயிரம் பேரும் தனித்தனியே படித்தாக வேண்டும்.

அலுவலகக் குறிப்பின் வாரிசு

மின்னஞ்சலைக் கடிதத்தின் பிள்ளை என்று நினைப்பது வழக்கம். அதன் தலைப்பகுதியைப் பார்த்தால் வேறு வம்சம் தெரிகிறது. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள், நகல் என்ற வரிசை அலுவலகங்களுக்குள் சுற்றிய குறிப்புத்தாளின் வரிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ரயில்வே நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் பெருத்தபோது, ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் எழுத வேண்டிய தேவை பெருகியது. தட்டச்சுப்பொறியும் கார்பன் தாளும் செங்குத்துக் கோப்பு அலமாரியும் சேர்ந்து ஒரு புது வடிவத்தைப் பிறப்பித்தன. ஜோஆன் யேட்ஸ் 1989இல் வெளியிட்ட நூல் இதை ஆவணங்களோடு விளக்குகிறது. ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவருக்கு விளிப்பும் வணக்கமும் எதற்கு என்று அவை உதிர்ந்தன. கோப்பில் தேடி எடுக்க வசதியாகப் பொருள் வரி மேலே ஏறியது.

இந்த வம்சம்தான் மின்னஞ்சலுக்கு வந்தது. 1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், பிபிஎன் நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. இரண்டு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தன. 1973இல் வெளியான ஆர்எஃப்சி 561 என்ற நெறிமுறை ஆவணம் அனுப்புநர், நாள், பொருள் ஆகிய வரிகளுக்கு வடிவம் கொடுத்தது. 1977இன் ஆர்எஃப்சி 733, 1982இன் ஆர்எஃப்சி 822 ஆகியவை அதை விரித்து நிலைப்படுத்தின. எந்தச் செய்திக்கு இது பதில் என்று குறிக்கும் வரியும் 733இலேயே உண்டு. நம் அரசு அலுவலகக் கடிதங்களில் பொருளுக்குக் கீழே வரும் ‘பார்வை’ வரி செய்யும் வேலையே அது. இந்த ஆவணங்களில் விளிப்புக்கென்று ஓர் இடம் இல்லை. மரியாதையை எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

அன்று அது குறையாகத் தெரியவில்லை. அர்ப்பாநெட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே தொழில்வட்டத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். 1978இல் அந்த வட்டத்தைச் சேர்ந்த லிக்லைடரும் ஆல்பர்ட் வெஸ்ஸாவும் எழுதிய கட்டுரையில் கவனிக்கத்தக்க ஓர் அவதானிப்பு உண்டு: வயதிலும் பதவியிலும் மூத்தவருக்குக்கூடச் சுருக்கமாக, தட்டச்சுப் பிழையோடு எழுதலாம்; அவர் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மின்னஞ்சலின் பெரிய வசதிகளில் ஒன்றாக இதை அவர்கள் எண்ணினார்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள் அது உண்மையே. அறியாதவர்கள் உள்ளே வந்தபோது அதே வசதி புண்படுத்தும் கருவியாயிற்று. பின்னால் வந்த பல விதிகள் இந்த இடைவெளியை அடைக்கப் பிறந்தவை.

முதல் அத்துமீறல்

அதே 1978ஆம் ஆண்டு மே மாதம், டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், அமெரிக்க மேற்குக் கடற்கரையில் இருந்த ஏறத்தாழ 400 அர்ப்பாநெட் பயனர்களுக்கு ஒரே விளம்பரச் செய்தியை அனுப்பினார். அச்சடித்த முகவரி ஏட்டிலிருந்து பெயர்களை எடுத்துத் தட்டச்சு செய்தார்கள். மென்பொருள் அத்தனை முகவரிகளைத் தாங்காததால், மிஞ்சியவை செய்தியின் உடலுக்குள்ளேயே வழிந்தன. பெற்றவர்கள் விஷயத்துக்கு வருமுன் முகவரிப் பட்டியலைக் கடந்து வர வேண்டியிருந்தது. வலையமைப்பை நிர்வகித்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைப்பு, இது அரசுப் பணிக்கான வலை என்று கண்டித்தது.

அந்தக் காலக் கருவிகளை நினைவில் கொண்டால் கோபத்தின் அளவு புரியும். டெலிடைப் 33 என்ற முனையம் நொடிக்குப் பத்து எழுத்துகளை அச்சடிக்கும். 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் வந்து முடிய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாளும் மையும் பெறுபவருடையவை. இதே பொறியில் சின்ன எழுத்தே கிடையாது. ஆங்கிலச் செய்தி முழுவதும் பெரிய எழுத்தில்தான் வரும். அதை யாரும் கத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன எழுத்தும் உள்ள முனையங்கள் பரவிய பிறகே பெரிய எழுத்து வேண்டுமென்று தேர்ந்தெடுத்த ஒன்றாக மாறி, உரக்கக் கத்துவதன் அடையாளமாயிற்று. தமிழுக்கு இந்தப் பாகுபாடு இல்லை. நம்மவர்கள் தடித்த எழுத்தாலும் சிவப்பு நிறத்தாலும் வரிசையாகப் போடும் ஆச்சரியக்குறிகளாலும் அதே வேலையைச் செய்கிறோம்.

1985: விதிகளுக்கு ஓர் அறிக்கை

குரலும் முகமும் இல்லாத எழுத்தில் வேடிக்கை எது, வினை எது என்று தெரியாமல் தடுமாறியவர்கள் முதலில் குறிகளைத் தேடினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கைச் செய்திக்கு :-) என்ற குறியை 1982 செப்டம்பர் 19 அன்று முன்மொழிந்தார். மூன்றாண்டு கழித்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்திலிருந்து நார்மன் ஷபிரோவும் ராபர்ட் ஆண்டர்சனும் எழுதிய அறிக்கை வந்தது. மின்னஞ்சலுக்கான அறத்தையும் நாகரிகத்தையும் தனிப்பொருளாக எடுத்து முறையாக ஆராய்ந்த முன்னோடி எழுத்து என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அதன் பரிந்துரைகள் இன்றும் பழையதாகவில்லை. ஒரு செய்திக்கு ஒரு பொருள் போதும். நகல் பெறுவோர் பட்டியலைக் குறுக்குங்கள். உங்கள் கருத்தையும் நடந்த செய்தியையும் பிரித்து எழுதுங்கள். உணர்ச்சியை வெளியிட வேண்டியிருந்தால் அது உணர்ச்சி என்று தெளிவாகக் குறியுங்கள். கொதிப்பில் இருக்கும்போது பதில் எழுதாதீர்கள். இந்த விஷயத்துக்கு மின்னஞ்சல்தான் வேண்டுமா, தொலைபேசி நல்லதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்பிய எதுவும் நிரந்தரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி அறிவுரைக்கு உலகறிந்த சான்று விரைவிலேயே கிடைத்தது. அமெரிக்க அரசு ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்–கான்ட்ரா விவகாரத்தில், அரசு அதிகாரிகளான ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் அமைப்பிலிருந்து செய்திகளை அழித்திருந்தார்கள். காப்புப் பிரதிகள் நாடாவில் கிடந்தன. 1987இல், விவகாரத்தை விசாரித்த டவர் ஆணையத்தின் அறிக்கைக்கு அவை முக்கிய ஆதாரங்களாயின.

உணர்ச்சி பற்றிய அறிவுரைக்கான சான்று ஆய்வுக்கூடத்தில் பின்னர் வந்தது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நேர்பொருளிலும் அனுப்பினார்கள். தங்கள் தொனி நூற்றுக்கு 78 முறை புரியும் என்று எதிர்பார்த்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னதோ ஏறத்தாழ 56. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்கிறது. வாசிப்பவருக்கு அது கேட்பதில்லை. மற்ற விதிகள் கருவிகளோடு மாறினாலும் இந்தக் குறை மாறாது என்பது என் கருத்து.

1995: கணக்கைத் திறந்து சொன்ன ஆவணம்

இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 என்ற வழிகாட்டி 1995 அக்டோபரில் வெளியாயிற்று. இந்தியாவில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து (1995 ஆகஸ்ட் 15) அப்போது இரண்டு மாதம் போலத்தான் ஆகியிருந்தது; தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. அந்நியர்கள் லட்சக்கணக்கில் உள்ளே வந்த தருணத்தில், உள்ளே இருந்தவர்கள் எழுதிவைத்த வரவேற்புக் குறிப்பு அது.

அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலில் எழுதாதீர்கள் என்கிறது. வரிக்கு 65 எழுத்துக்குள், கையொப்பம் நான்கு வரிக்குள், அனுப்பும் கோப்பு 50 கிலோபைட்டுக்குள் என்று அளவு வைக்கிறது. கோபமான பதிலை ஓர் இரவு ஆறவிட்டு அனுப்பச் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான காரணத்தையும் அது மறைக்கவில்லை: மின்னஞ்சலின் செலவை அனுப்புபவரும் பெறுபவரும் ஏறக்குறையச் சமமாகச் சுமக்கிறார்கள், கேட்காமல் வரும் விளம்பரம் வெறுக்கப்படுவதற்குப் பொருளாதாரக் காரணம் இதுவே. இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு இவ்வளவு நேரான விடையை வேறெந்த ஆவணத்திலும் நான் காணவில்லை.

50 கிலோபைட் என்ற எண்ணை நம் ஊர் நிலைமையில் வைத்துப் பார்க்கலாம். அன்று தொலைபேசி வழி இணைப்பு விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் தொடங்கியது. மின்னஞ்சலில் இணைக்கும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ஆக 50 கிலோபைட் கோப்பு இறங்க ஒரு நிமிடம் போல ஆகும்; தொலைபேசிக் கட்டணமும் இணையக் கட்டணமும் சேர்ந்தே ஓடும். 5 மெகாபைட் கைபேசிப் படம் ஒன்று அந்த இணைப்பில் வந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கும்.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவைப்பட்டது. தொடக்ககால அஞ்சல் நெறிமுறை 128 குறிகளுக்குள் அடங்கிய ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 1992இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற நெறி பிற மொழிகளுக்கும் படங்களுக்கும் வழி திறந்தது. ஆனாலும் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியேற்றத்தில் இருந்தன. அனுப்பியவர் திரையில் தமிழாக இருந்தது பெற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாக விழும். அதனால் சிலர் ரோமன் எழுத்தில் தமிழை எழுதினார்கள். சிலர் எழுத்துருக் கோப்பையும் கூடவே அனுப்பினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு குறியேற்றத்தை ஒழுங்குபடுத்த முயன்றது; எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பரவிய பிறகே சிக்கல் தீர்ந்தது. என் எழுத்து அவருக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு எழுதிய அந்தத் தலைமுறையின் பொறுமைக்கு நம் மொழி கடன்பட்டிருக்கிறது.

‘ரிப்ளை ஆல்’

1975இல் ஜான் விட்டல் எழுதிய எம்எஸ்ஜி என்ற நிரல், வந்த செய்திக்கு முகவரியை மறுபடி தட்டாமலே பதில் எழுத வழி செய்தது. பதில் எழுதும் சிரமம் குறைந்ததும் பதில்கள் பெருகின. எல்லாருக்கும் பதில் அனுப்பும் வசதி பெரிய நிறுவனங்களின் பட்டியல்களோடு சேர்ந்தபோது நடந்ததை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டில் சுமார் 13,000 பேர் கொண்ட பட்டியலில் ஒருவர் தன் பெயரை நீக்கச் சொல்லி எழுத, ‘என்னையும்’ என்று பலர் எல்லாருக்குமே பதில் போட்டார்கள். ஒன்றரைக் கோடிச் செய்திகள் அந்த நிறுவனத்தின் அஞ்சலைத் திணறடித்தன. 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனைச் செய்தி தவறிப்போய் ஏறத்தாழ 8 லட்சத்து 40 ஆயிரம் கணக்குகளுக்குச் சென்றது. 75 நிமிடங்களில் சுமார் 50 கோடி மின்னஞ்சல்கள் சுற்றின. எரிச்சலில் ‘எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்’ என்று எல்லாருக்கும் பதில் போடுவதே இத்தகைய வெள்ளங்களைப் பெருக்குகிறது.

சட்டமும் நாகரிகமும்

நாகரிகம் செய்யாததைச் சட்டம் செய்யுமா? இந்தியாவில் 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலோ இடைஞ்சலோ தரும் நோக்கில் அனுப்பும் மின்னஞ்சலைக்கூட மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எரிச்சல் என்பதற்கு எல்லை வகுக்க முடியாது; பேச்சுரிமையை அது விழுங்கிவிடும். தீர்ப்பு சரியானது. பிரான்ஸ் வேறு வழியில் போனது: வேலை நேரத்துக்கு வெளியே மின்னஞ்சலிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் அங்கே உண்டு. எழுதியவரைத் தண்டிப்பதை விட்டு, படிப்பவரின் நேரத்தைக் காப்பது அதன் நோக்கம்.

கருவிகளின் வேகம் கூடக் கூட இணைப்புக் கட்டணமும் வட்டு இடமும் கணக்கிலிருந்து நழுவிவிட்டன. 2004இல் ஜிமெயில் ஒரு கிகாபைட் இடத்தோடு வந்தபோது 50 கிலோபைட் வரம்பு காலாவதியானது. 65 எழுத்து வரியும் நான்கு வரிக் கையொப்பமும் அதே வழியில் போயின. ஓர் இரவு ஆறவிடு என்ற அறிவுரை, அனுப்பியதைத் திரும்பப் பெற ஜிமெயில் தரும் 5 முதல் 30 நொடிகளாகச் சுருங்கியிருக்கிறது. கோபம் தணிய அது போதாது. பெறுபவர் இன்று தருவது அவருடைய நேரத்தையும் கவனத்தையும்தான். அவற்றைக் காக்கும் விதிகள் அத்தனையும் 1985 அறிக்கையிலேயே உள்ளன. அவற்றைத் தளர்த்த எந்தக் காரணமும் இதுவரை வரவில்லை.

நம் அலுவலகங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருவோர், விதிகளை மட்டும் அச்சடித்துக் கொடுக்காமல், ஒவ்வொன்றும் எந்தச் சிரமத்தைத் தவிர்க்கப் பிறந்தது என்பதையும் சொல்லித் தர வேண்டும். தமிழில் நடக்கும் மின்னஞ்சல் போக்குவரத்துக்கு, பொருளும் பார்வையும் நம் கடித மரபிலேயே ஆயத்தமாக இருக்கின்றன. முன்பின் அறியாதவரை எப்படி விளிப்பது, தலைப்பெழுத்தோடு வரும் பெயரில் எதைச் சொல்லி அழைப்பது என்பவற்றையும் சேர்த்து ஒரு தமிழ்க் கையேட்டை எழுதும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் கையிலெடுக்க வேண்டும்.