57 சென்ட்டும் 62 சென்ட்டும்

போன தை மாதம் என் மனைவியின் சித்தி கூப்பிட்டு அனுப்பினார். சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி அவருக்கு ஒரு துண்டு புன்செய் இருக்கிறது. சித்தப்பா இருந்தவரை அதில் வேர்க்கடலை போட்டார். இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பேத்தி படிப்புக்காக விற்க முடிவு செய்திருந்தார். ஊரில் எல்லோரும் அதை "62 சென்ட் மேடு" என்றுதான் சொல்வார்கள். தரகர் ஒரு பையனோடு வந்து, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்துவிட்டு, "57 சென்ட்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். விலையும் அந்தக் கணக்கில்தான்.

"மாப்பிள்ளை, நீங்க சர்வேல இருந்தவரு. அஞ்சு சென்ட் எங்க போச்சுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார் சித்தி.

தரகர் கெட்டவர் இல்லை. அவர் உண்மையாகவே நம்பினார். "சார், பட்டா எழுதினவன் பொய் எழுதலாம். சாட்டிலைட்டு பொய் சொல்லுமா?" என்று கேட்டார். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஐந்து சென்ட் என்றால் சுமார் 2,180 சதுர அடி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்குவதற்கு முன் இந்தப் பக்கத்தில் ஐந்து சென்ட்டை வரப்புச் சண்டையில் விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. இன்று அது ஒரு பெண்ணின் கல்லூரிச் செலவு.

நான் நில அளவைத் துறையில் சேர்ந்தது 1978இல். அடுத்த ஆண்டு யு.டி.ஆர். எனப்படும் நிலவுடமை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஏக்கர், சென்ட் எல்லாம் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று மாறிய காலம். ஆனால் கிராமத்துப் பழைய புலப்படங்கள் எல்லாம் சங்கிலிக் கணக்கில் இருந்தன. கன்ட்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். இந்தக் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த செயின்மேன் ஒருவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், முதல் நாளே ஒன்று சொன்னார்: "தம்பி, சங்கிலி தேயும். தேய்ஞ்சா நீளும். நீண்ட சங்கிலி எப்பவும் நிலத்தைக் குறைச்சுத்தான் காட்டும், ஒருநாளும் கூட்டிக் காட்டாது." வளையங்கள் உரசி உரசி ஒவ்வொன்றும் மயிரிழை அகலும். நூறு லிங்க்கில் அது விரற்கடை அளவுக்கு வந்துவிடும். அதனால்தான் அலுவலகத் தரையில் குறித்து வைத்த அளவோடு சங்கிலியை அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இந்தப் பயம் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. நம் பக்கத்திலேயே, பரங்கிமலை அடிவாரத்தில், 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கியபோதும் இதே பயம்தான். பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல். இன்றைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று வீடுகள் அடைத்துக் கிடக்கும் பக்கம். அவர் கையில் இருந்தது லண்டனில் ராம்ஸ்டன் பட்டறையில் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருள்களில் ஒன்று. பேரரசர் வேண்டாம் என்றதும் கல்கத்தா வழியாக இங்கே வந்து சேர்ந்தது. நமக்கு வந்த யோகம்!

லாம்டன் அதை மண்ணில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பெட்டிக்குப் பெட்டி வெப்பமானி வைத்தார். சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கு ஒரு சங்கிலி நீளுவது அங்குலத்தில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் சங்கிலியை 400 முறை கிடத்தினால் அது நாலரை அடி ஆகிவிடும். ஏனென்றால் அது ஒரே பக்கம் சாயும் பிழை. ஒரு முறை கூடி ஒரு முறை குறையும் பிழை தன்னைத்தானே ஓரளவு கழித்துக்கொள்ளும். ஒரே பக்கம் சாய்வது கடன் வட்டி மாதிரி, ஏறிக்கொண்டேதான் போகும். இதற்காக அவர் இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் தனியே பத்திரப்படுத்தி, உழைக்கும் சங்கிலியை அதோடு ஒப்பிட்டு வந்தார்.

அந்த ஒரு கோட்டுக்குப் பிறகு அவர் தரையை அளந்தது குறைவு. கருங்குழி போன்ற குன்றுகளின் மேல் தியோடலைட்டை ஏற்றி, கோணத்தை மட்டும் பார்த்து, முக்கோணம் முக்கோணமாகப் போனார். பெங்களூரில் மறுபடி ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, சென்னையிலிருந்து கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது, ஏழு மைல் தூரத்தில் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. மங்களூர் வரை போய் முடித்தபோது தீபகற்பம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட சுமார் 40 மைல் ஒடுக்கம் என்று தெரிந்தது. நாற்பது மைல் இல்லாத நிலத்துக்குப் படம் போட்டு வைத்திருந்தார்கள். சித்தியின் ஐந்து சென்ட் எந்த மூலைக்கு!

நடந்தே அளந்தவர்களும் இருந்தார்கள். 1865இல் திபெத்துக்குக் கிளம்பிய நயின் சிங் ராவத், ஒரே அளவில் அடி வைக்கப் பழகி, நூறு அடிக்கு ஒரு மணி என்று ஜபமாலையை உருட்டினார். 108 மணி இருக்க வேண்டிய மாலையில் 100 மணிதான், கணக்குக்காக. அவர் அளந்ததும் நடையைத்தான். ஆனால் தன் அடியின் நீளம் என்ன என்று அவருக்குத் தெரியும்.

இனி கைப்பேசிக்கு வருகிறேன். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்கள். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலங்கலான சமிக்ஞையைத்தான் கொடுத்தார்கள். நூறு மீட்டர் வரை தப்பும். அந்தக் கலங்கலை நிறுத்திய பிறகு கையடக்கக் கருவிகளின் துல்லியம் கூடியது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பொறியாளர் கையில் மஞ்சள் நிறக் கருவி ஒன்றை நான் முதலில் பார்த்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இன்று திறந்த வானத்தில் நல்ல கைப்பேசி மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஊர் கண்டுபிடிக்க இது தாராளம். வரப்பு கண்டுபிடிக்க?

கருவிக்குத் தெரிவது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதை, புள்ளிக்குப் புள்ளி தூரத்தைக் கூட்டித்தான் அது பெரும்பாலும் சொல்கிறது. வாசலில் நேர் வரிசையாகக் கோலப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் குழந்தை கொஞ்சம் இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது புள்ளிகளைச் சேர்த்தால் கோடு நெளியும். நெளிந்த கோடு நேர்கோட்டைவிட நீளமாகத்தான் இருக்கும். புள்ளி தப்புவது எல்லாப் பக்கமும். தூரம் தப்புவது கூடுதல் பக்கம். எங்கள் செயின்மேனின் சங்கிலி குறைத்துக் காட்டியது, இது கூட்டிக் காட்டுகிறது. பீட்டர் ரனாக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைக் கணக்காகவே நிறுவியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. புள்ளிகளை அரிதாக எடுத்தால் வளைவுகளில் குறுக்கே வெட்டிப் போய் தூரம் குறையும். மெதுவாக, நின்று நின்று, மரத்தடியில் நடந்தால் கூடும். புளியமரத்தடியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சில கருவிகளில் நீங்கள் கொஞ்சம் நடந்திருப்பீர்கள்.

மறுநாள் காலை நிலத்துக்குப் போனோம். தரகரையும் வரச் சொன்னேன். புலப்பட நகலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். நான்கு கல்லில் மூன்று இருந்தது. நான்காவது கருவேலத்துக்குள், மண் மூடி. 30 மீட்டர் டேப்பால் அளந்தோம். பக்கம் ஒவ்வொன்றும் 50 மீட்டருக்கு அரை மீட்டர் முன்னே பின்னே, மூலைவிட்டம் 70.6. படத்தோடு ஒத்துப்போனது. 0.25.0 ஹெக்டேர், அதாவது 61¾ சென்ட்.

பிறகு தரகரின் பையன் முதல் நாள் நடந்த தடத்தை அவன் கைப்பேசியிலேயே பார்த்தோம். சுற்றளவு 208 மீட்டர் என்று இருந்தது. டேப்புக்கு 200. தரகருக்குக் குழப்பம். "சுத்து கூட இருக்குது, நிலம் கம்மியா இருக்குது, எப்படி சார்?"

பையனைப் பழையபடி நடக்கச் சொன்னேன். முள்ளுக்குப் பயந்து வேலியிலிருந்து ஒரு மீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல், உள்ளே தள்ளி நடந்தான். நான்கு பக்கமும் ஒரு மீட்டர் உள்ளே போனால் 50க்கு 50 என்பது 48க்கு 48 ஆகிறது. 2,304 சதுர மீட்டர். 57 சென்ட், அச்சு அசலாக! அவன் உண்மையில் நடந்தது 192 மீட்டர். கருவி அதை நெளித்து 208 ஆக்கியிருக்கிறது. நெளிவு உள்ளேயும் வெளியேயும் போவதால் பரப்பை அது அதிகம் மாற்றாது. நீளத்தைத்தான் ஏற்றும். ஐந்து சென்ட்டைத் தின்றது முள்.

ஆசைக்கு இன்னொன்றும் செய்து பார்த்தேன். டேப் போட்ட 50 மீட்டர் பக்கத்தில் என் கைப்பேசியோடு பத்து முறை போய் வந்தேன், மெதுவாக. ஆயிரம் மீட்டருக்கு 1,060 காட்டியது. நெடுஞ்சாலை ஓரம் இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே வேகமாக நடந்தபோது 1.01தான். (அந்தக் கற்களையும் முழுக்க நம்ப வேண்டாம். சாலை அகலப்படுத்தும்போது பிடுங்கி நட்டவை.) டாக்டர் சொன்னார் என்று வீட்டுக் கூடத்திலும் மாடியிலும் சுற்றிச் சுற்றி நடக்கும் நண்பர்கள் கருவி காட்டும் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது துறையில் டி.ஜி.பி.எஸ். வந்திருக்கிறது. ஒரு கருவியைத் தெரிந்த இடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, அது தப்பும் அளவை நடக்கும் கருவியில் கழிக்கிறார்கள். சென்டிமீட்டர் கணக்கில் வருகிறது. வேலைக்கு எடுக்காமல் லாம்டன் பத்திரமாக வைத்திருந்தாரே இரண்டாவது சங்கிலி, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

தரகர் டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்திருந்ததால் வாதம் செய்யவில்லை. "முள்ளை வெட்டிட்டு நடந்திருக்கணும்" என்றார். பத்திரத்தில் 0.25.0 என்று எழுதினார்கள். சித்தி கையெழுத்துப் போடுமுன் என்னைப் பார்த்து, "அந்தக் கால் சென்ட் எங்க மாப்பிள்ளை, 62ன்னுதானே சொல்வாங்க?" என்றார்.